மறைக்கும் நோயும் கேட்கத் தயங்கும் நாவும்

 

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. புகாரீ ஷரீஃபில் பதிவான செய்தி இது. அவர்கள் அதை மறைத்து வைக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே சென்று, இந்த நிலையில் எவ்வாறு தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிடில் அமர்ந்து தொழ வேண்டும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழ வேண்டும் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. இன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தொழும் ஒவ்வொருவரும் அந்த விடையின் நிழலில்தான் தொழுகிறார். மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் சட்டத்தை மனனம் செய்துகொள்கிறார்கள். கேட்டவருக்கு இருந்த நோய் எது என்று வரும் இடத்தில் பின்வரிசையில் ஒரு சிறு சிரிப்பு எழும். பாடம் அவ்விடத்தைக் கடந்துபோகும். இம்முறை நாம் அவ்விடத்திலேயே நின்றுவிட்டோம்.

காரணம் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் நமக்கு ஒரு சிறு அறுவை நடந்தது. இடுப்புக்குக் கீழே, அமரும் இடத்தின் மேற்பகுதியில், பல்லாண்டுகளாக ஒரு கட்டி இருந்தது. சுண்டைக்காய் அளவுதான், வலியும் இல்லை. முன்பே அதைப் பார்த்த மருத்துவர், தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம், பிதுக்க மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் அது கனத்தது. மறுநாள் ஜும்ஆவுக்குள் எலுமிச்சை அளவாகி, சிவந்து, தொட்டால் கொதித்தது. சனிக்கிழமை காலையில் அரசு மருத்துவமனை ஒன்றில், மரத்துப்போகும் ஊசி போட்டு, கீறி, சீழை வெளியேற்றினார்கள். எல்லாம் அரைமணி நேரத்திற்குள் முடிந்தது, அல்ஹம்து லில்லாஹ்.

இவ்வகைக் கட்டியை நம் பகுதியில் 'கொழுப்புக் கட்டி' என்று அழைப்பது வழக்கம். உண்மையில் அதனுள் இருப்பது கொழுப்பு அன்று. தோலின் மேலடுக்குச் செல்கள் தோலுக்கு அடியில் சிக்கி ஒரு பையாக உருவாகின்றன. நகமும் முடியும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெரட்டினை உள்ளே உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும் அந்தப் பை கிழிந்துவிட்டாலோ, கிருமி புகுந்துவிட்டாலோ ஓரிரு நாளில் நிலைமை மாறிவிடுகிறது. மாத்திரையிலேயே சரியாகிவிடாதா என்று நம்மிடம் கேட்டவர்கள் பலர். சீழ் தேங்கி நிற்கும் குழிக்குள் மாத்திரையின் மருந்து சரிவரச் சென்றடைவதில்லை. ஆகவே வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. வீங்கிச் சிவந்திருக்கும் வேளையில் பையை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். அதைப் பெரும்பாலும் புண் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே எடுக்கிறார்கள். பையில் சிறிது எஞ்சினாலும் கட்டி திரும்பி வரக்கூடும்.

கீறிய இடத்தைத் தைக்கவில்லை என்பது வீட்டாருக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது. குழியை அப்படியே திறந்து வைத்து, உள்ளே காஸ் துணியைத் திணித்து, நாள்தோறும் மாற்றிக் கட்டுகிறார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும். கட்டை அவிழ்க்கும் அந்தச் சில நிமிடங்கள், மறைக்காமல் சொன்னால், அறுவையைவிடக் கடினமானவை.

ஈராண்டு, மூவாண்டு அன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அறிவு இது. குர்துபாவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ அவர்கள் (மறைவு 1013) 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாகங்கள் கொண்ட நூலின் இறுதிப் பாகத்தை அறுவைச் சிகிச்சைக்கே ஒதுக்கினார்கள்; ஏறத்தாழ 200 கருவிகளை வரைந்து காட்டினார்கள்; தலையில் தோன்றும் கட்டிகளை அறுத்தெடுக்கும் முறையும் அதில் உண்டு. இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையிலும் இத்தகைய கட்டி ஒன்று இருந்தது. 1820களின் தொடக்கத்தில் ஆஸ்ட்லி கூப்பர் என்னும் மருத்துவர் அதை அகற்றினார். அதன்பின் அவருக்குப் பட்டமும் கிடைத்தது. ஈதர் கொடுத்து மயக்கும் முறை 1846இல்தான் மக்கள் முன் நிரூபிக்கப்பட்டது. லிஸ்டர் தம் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867இல். அந்த மன்னருக்குக் கிட்டாத இவ்விரண்டும், இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டும் சகோதரருக்கு ஸ்டான்லி மருத்துவமனையிலோ, நம் தண்டையார்பேட்டை அரசு புறநகர் மருத்துவமனையிலோ கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும் அருட்கொடை. ஆனால் பெறுவதற்கு ஒருவர் போய், ஆடையை விலக்கி, இதோ இங்கே என்று காட்ட வேண்டுமே!

இங்குதான் சிக்கல். நாம் படுத்திருந்த நாள்களில் நலம் விசாரிக்கப் பலர் வந்தார்கள். என்ன ஆயிற்று ஹஜ்ரத் என்று கேட்டவர்களிடம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்தே சொன்னோம். மூடிப் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. சிலர் நெளிந்தார்கள். சிலர் உடனே வைத்தியம் சொன்னார்கள்: சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னவர் ஒருவர், கறுப்புக் களிம்பு சொன்னவர் ஒருவர், அறுக்கவே விட்டிருக்கக் கூடாது என்று வருந்தியவர் ஒருவர். (நோயாளியைச் சந்திப்பது பெரும் நன்மை. பத்துக்குப் பதினைந்தடி வீட்டில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பது சுன்னத்தில் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.) ஆனால் வேறொன்றும் நடந்தது. வந்தவர்களில் ஐவர், விடைபெற்று வாசலில் செருப்பை மாட்டும் நேரத்தில் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தமக்கும் அப்படியொன்று இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் லாரி ஓட்டுநர். முதுகெலும்பு முடியும் இடத்தில் மூன்று மாதமாகச் சீழ் கசிவதாகவும், இருக்கையின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வண்டி ஓட்டுவதாகவும் சொன்னார். மனைவிக்கும் தெரியாதாம்.

அவர் சொன்ன நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் ஜீப்புகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த அமெரிக்கப் படைவீரர்கள் பல்லாயிரவர் அவ்விடத்தில் கட்டி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; 'ஜீப் நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். துறைமுகத்தின் வாயிலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் நம் ஓட்டுநர்களிடையே இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கட்டி அடிக்கடி வருகிறவர்கள் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். நீரிழிவு கட்டுப்படாமல் இருந்தால் கிருமி எளிதில் பரவும், புண்ணும் ஆறாது.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபிமொழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுப்பவர் யார்? ஆனால் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் ஹதீஸ் நூல்களில்தான் இருக்கிறது. மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருந்ததில்லை என்பதே அந்தப் பாராட்டு. அவ்ரத்தை மறைப்பது கடமை. சிகிச்சையின் தேவைக்காக, தேவையான அளவு திறப்பதை நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் அனுமதித்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே முதலிடம். கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் வழி உண்டு. போர்க்களத்தில் பெண்கள் காயமுற்றோருக்கு மருந்திட்டதை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள், புகாரீயில் காணலாம். இத்தனை வாசல்கள் திறந்திருக்க, நோயை உடலுக்குள் பூட்டி வைப்பதற்கு நாணம் என்று பெயர் சூட்டுவதை நம்மால் ஏற்க முடியவில்லை.

மருத்துவரிடம் கேட்கத் தயங்குவது ஒரு பக்கம். ஆலிமிடம் கேட்கத் தயங்குவதும், ஆலிம் அல்லாதவர் துணிந்து பதில் சொல்லிவிடுவதும் இன்னொரு பக்கம். அதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்றே போதும், அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. அதன்பின் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, உமக்குச் சலுகை இருப்பதாகத் தெரியவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்கு மருந்து கேள்விதானே என்று கடிந்தார்கள். கட்டுப் போட்டு அதன்மேல் தடவிக்கொள்வதைப் பற்றிய அறிவிப்பின் பிற்பகுதியின் தரம் குறித்து ஹதீஸ்கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. கடிந்துரையின் கனம் அதனால் குறைவதில்லை.

இதனருகே அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை வைத்துப் பாருங்கள். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து, தோழர்களுக்குத் தொழுகையும் நடத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தை நினைவுகூர்ந்ததாகச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை.

ஒரே சட்டம்தான். ஓரிடத்தில் சினம், ஓரிடத்தில் சிரிப்பு. நம் மஹல்லாவில் மக்கள் எதைப் போற்றுகிறார்கள்? அறுவை நடந்த அன்றே கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு முழுமையாகக் குளித்துத் தொழுதேன் என்று ஒருவர் சொன்னால், சுற்றியிருப்போர் மாஷா அல்லாஹ் என்கிறார்கள். தயம்மும் செய்து தொழுதேன் என்பவரின் முகத்தில் ஏதோ குறைந்துவிட்ட பாவனை. நோயாளி மீது குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்திலும் (24:61), அல்லாஹ் உங்களுக்கு எளிதானதையே நாடுகிறான் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்திலும் (2:185) இறைவன் அறிவித்த பின்னர், இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? சலுகை என்ற தமிழ்ச்சொல்லே இதில் ஓரளவு பங்காளி என்பது நம் ஐயம். பேருந்துக் கட்டணச் சலுகை போல, இல்லாதவருக்குக் கொடுத்த கழிவு என்று அது ஒலிக்கிறது. ருக்ஸத் என்பது அப்படியன்று. கடமையை விதித்தவனே, அந்நேரத்திற்கு இதுதான் உன் கடமை என்று வரைந்து தந்தது. ஒருவர் நோயுற்றால், நலமாயிருந்தபோது வழமையாகச் செய்த அமல்களின் நன்மை அவருக்கு எழுதப்படுகிறது என்று அபூமூஸா (ரலி) வழியாகப் புகாரீயில் வருகிறதே! கட்டிலில் கிடந்தபடி ஜமாஅத்தின் இகாமத்தை ஒலிபெருக்கியில் கேட்ட அந்நாள்களில் அந்த நபிமொழிதான் நமக்கு ஆறுதலாக இருந்தது.

சட்டத்தின் நுணுக்கம் இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு நம் புண்ணே சான்று. வந்தவர்கள் எல்லாம் உளூவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கவலைப்பட்டார்கள். நம் கட்டு உளூவின் உறுப்பு எதிலும் இல்லை, உளூ வழக்கம்போலத்தான். கேள்வி எழுவது கடமையான குளிப்பில். ஷாஃபிஈ மத்ஹபில், நலமான உடற்பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, தயம்முமும் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கழுவுவதும் தடவுவதும் போதும். கட்டில் இரத்தம் கசிந்தால்? ஷாஃபிஈயில் அது உளூவை முறிக்காது. ஹனஃபியில் புண்ணின் இடத்தைத் தாண்டி ஓடினால் முறிக்கும். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தவர் 'மஃதூர்' ஆகி, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூச் செய்துகொள்வார். புண்ணுக்கு அருகில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், மலம் கழித்தபின் தண்ணீருக்குப் பதிலாகத் தாளைக் கொண்டு முறைப்படி துடைத்துச் சுத்தம் செய்துகொள்ள இரு மத்ஹபுகளிலும் வழி இருக்கிறது. இதைக் கேட்க எவருக்கும் நா எழுவதில்லை, கேட்காமலேயே சொல்லிவைக்கிறோம்.

தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்ததால்தான் இவ்வூர் தொண்டியார்பேட்டையாகிப் பின் தண்டையார்பேட்டையானது என்பர். அன்றுதொட்டு இங்கே தெற்கத்திய ஷாஃபிஈக் குடும்பங்களும் உருது பேசும் ஹனஃபிக் குடும்பங்களும் ஒரே தெருவில் வாழ்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டார் தம் அறுவைக்குப் பின் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது இவ்வூரில் குழப்பத்தையே தரும். உங்கள் புண் எங்கே, கட்டு எப்படி, மருத்துவர் எதைத் தடுத்தார் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாற்காலியின் கதை தனி. பத்தாம் நாள் பள்ளிவாசலுக்குச் சென்றபோது நால்வர் நான்கு திசைகளிலிருந்து நாற்காலியை இழுத்து வந்தார்கள். அவர்களுடைய அன்புக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! நம்மால் நிற்க முடியும், ருகூஉ செய்ய முடியும், ஸுஜூதும் முடியும். முடியாதது ஒன்றே ஒன்று: அமர்வது. அத்தஹிய்யாத்தில் ஒரு பக்கத் தொடையில் பாரத்தைச் சாய்த்து எவ்வாறோ அமர்ந்து எழுந்தோம். நோயாளி என்றால் நாற்காலி என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. முழங்கால் வலிக்காரரும் முதுகில் புண் உள்ளவரும் கண்ணில் அறுவை செய்தவரும் ஒரே நாற்காலியில் அமர்த்தப்படுகிறார்கள். கண்ணில் அறுவை செய்தவரால் நிற்க முடியும். குனிவதைத்தான் மருத்துவர் தடுத்திருப்பார். எது இயலுமோ அதைச் செய்து, இயலாததை மட்டும் விடுவதே இம்ரான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விடையின் ஒழுங்கு.

இதில் ஆலிம்களாகிய நமக்கும் பணி இருக்கிறது. தலையில் காயம்பட்டவரின் நிகழ்ச்சியில் நபி (ஸல்) அவர்கள் கடிந்தது கேள்வி கேட்டவரை அன்று, பதில் சொன்னவர்களை. தண்ணீர் பட்டால் கெடுமா, எத்தனை நாள் என்பது மருத்துவருக்குத் தெரிந்த விஷயம். அதைக் கேட்டறிந்த பின்னரே ஃபத்வா. ஜும்ஆ பயானில் தஜ்ஜாலைப் பற்றி நான்கு வாரம் பேசும் நாம், கட்டுப் போட்டவர் எப்படிக் குளிப்பது என்று ஒரு வாரம் பேசலாம். மருத்துவமனையில் சுவரும் தரையும் டைல்ஸாக இருக்க, ஷாஃபிஈக்காரர் தயம்முமுக்குப் புழுதிக்கு எங்கே போவார்? வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலும் இதே நிலைதான். சுத்தமான உலர்ந்த மண்ணைச் சலித்து, சிறு துணிப்பைகளில் கட்டிப் பள்ளிவாசல் அலுவலக அறையில் வைத்திருந்தால், மருத்துவமனைக்குப் போகிறவர் ஒன்றை எடுத்துச் செல்வார். செலவே இல்லாத காரியம். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அவர்களின் காயத்திலிருந்து பெருகிய இரத்தம் பக்கத்துக் கூடாரம் வரை ஓடியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தப் பள்ளிவாசலின் வழியில் வந்த நம் பள்ளிவாசல்களில், புண் உள்ளவர் பின்வரிசையின் மூலையைத் தேடி ஒதுங்கும் நிலை இருக்கக் கூடாது.

மதரஸா விடுதிகளுக்கும் ஒரு சொல். வெயில் காலத்தில் பிள்ளைகளுக்குக் கட்டி வருவது வழக்கம். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்; பாயில் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிதுக்காமல், ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்தாமல், மறுநாளே மருத்துவரிடம் கொண்டுசெல்லும் பொறுப்பை ஓர் உஸ்தாதின் பெயரில் எழுதி வைத்துவிடுவது நல்லது. நம் மதரஸாவில் இம்மாதம் முதல் அவ்வாறு செய்திருக்கிறோம். இம்ரான் (ரலி) அவர்களின் ஹதீஸை நடத்தும்போது நோயின் பெயரையும் நிதானமாகச் சொல்லி, அது என்ன நோய் என்றும் விளக்குகிறோம். இப்போது சிரிப்பு முன்போல நீள்வதில்லை.

லாரி ஓட்டுநர் சகோதரர் போன வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டார். அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நம்மைப் பார்க்க வந்தவர்களோடு வந்த ஒரு சகோதரி, அக்குளில் ஒரு கட்டி இருப்பதை நம் வீட்டாரிடம் அடுப்படியில் வைத்துச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதமாக இருக்கிறதாம், வலி இல்லையாம். வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்கலாகாது. திங்கட்கிழமை காலை பெண் மருத்துவர் இருக்கும் நேரம் விசாரித்து, நம் வீட்டார் அவரை அழைத்துச் செல்கிறார்கள். அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.